கும்பகோணம் வலது, விருத்தாசலம் இடது

போன வாரம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கையில் தாம்பூலப் பையோடு அரியலூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரம். முதுகுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர், "விருத்தாசலம், விருத்தாசலம், விருத்தாசலேம்" என்று இழுத்தார். அவ்வளவுதான். என் இடது கால் என்னைக் கேட்காமலே ஒரு எட்டு எடுத்து வைத்தது. இடுப்பு குனிந்தது. தாம்பூலப் பையிலிருந்த தேங்காய் உருண்டு பிளாட்பாரத்தைத் தாண்டிப் போனது.

கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா பதறிப்போய், "என்னங்க சார், கிறுகிறுன்னு வருதா? செத்த ஒக்காருங்க" என்றார். கிறுகிறுப்பு இல்லை, கூடைப்பந்து என்று சொன்னால் அவர் இன்னும் பயந்துவிடுவார். பேசாமல் தேங்காயைப் பொறுக்கிக்கொண்டு, மரியாதைக்குக் கால் கிலோ கொய்யாவும் வாங்கிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் ஒரு காலத்தில் பேஸ்கட்பால் ஆடினேன். இப்போதைய தொப்பையைப் பார்த்துவிட்டு நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. அரியலூரில் நான் படித்த கல்லூரிக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. அணி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். கோர்ட் செம்மண் தரை. சுற்றிலும் சிமென்ட் ஆலைகள் இருக்கிற ஊர் என்பதால் கோடு போடச் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பஞ்சம். ரிங்கில் வலை கிடையாது. மேற்குப் பக்கத்து ரிங், பையன்கள் தொங்கித் தொங்கி, கீழே எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்திருக்கும். வெளியூர் அணிகள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு அந்தக் குனிவு அத்துப்படி. பந்தைப் பலகையில் எங்கே அடித்தால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். எங்கள் வெற்றிகளில் பாதி அந்த ரிங்குக்குச் சேர வேண்டியவை.

பந்தில் எப்போதும் முந்திரிப்பழ வாசம் அடிக்கும். பருவத்தில் ஜெயங்கொண்டத்துப் பையன்கள் பை நிறைய பழம் கொண்டுவருவார்கள். தின்றுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தபடி ஆட இறங்குவோம். பந்து பிசுபிசுவென்று விரலோடு ஒட்டும். கறைபட்ட பனியன்களை வைத்தே யார் எங்கள் ஆள் என்று அடையாளம் சொல்லிவிடலாம்.

ஆட்டத்தை எங்களுக்கு முறையாகச் சொல்லித்தர யாருமில்லை. உடற்கல்வி சாருக்கு வாலிபால் தவிர மற்றதெல்லாம் விளையாட்டாகவே படாது. யாரோ கொண்டுவந்த இங்கிலீஷ் புத்தகத்தில் படம் போட்டு ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு பெயர் கொடுத்திருந்தார்கள். வாயில் நுழையவில்லை. ஆனால் நாங்கள் எல்லோருமே பஸ்ஸில் வந்து போகிறவர்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் தொங்கிக்கொண்டு வருகிறவனுக்குக் கண்டக்டர் பாஷையைத் தனியாகக் கற்றுத்தர வேண்டுமா? எப்போது, யார் ஆரம்பித்தது என்று தெரியாமலே அது கோர்ட்டுக்குள் வந்துவிட்டது. ரிங்கைப் பார்த்து நின்றால் வலது பக்கம் கும்பகோணம், இடது பக்கம் விருத்தாசலம். "உள்ள போ, உள்ள போ" என்றால் ரிங்குக்கு அடியில் போய் நிற்க வேண்டும். "ஓல்டான்" என்றால் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "ரைட்ட்" என்றால் கிளம்பு, நேராகப் போ, எவன் குறுக்கே வந்தாலும் நிற்காதே. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினால் ஊர்களும் எங்களோடு சேர்ந்து மாறிக்கொள்ளும்.

கூவுகிற வேலை என்னுடையது. உயரத்தில் ஆண்டவன் என்னிடம் கஞ்சத்தனம் காட்டியிருந்தாலும் தொண்டையில் தாராளமாக இருந்தான். கேட்டு ஓடுகிற வேலை கலியபெருமாளுடையது. நாங்கள் கலியன் என்போம். விக்கிரமங்கலத்துப் பையன். வகுப்பறை வாசலில் குனிந்துதான் நுழைவான். நான் "ரைட்ட்" என்று வாயைத் திறப்பதற்குள் நாலு பேரைத் தாண்டி ரிங்குக்குக் கீழே இருப்பான். அவன் ஓடி நான் பார்த்ததைவிட, அவன் போய்ச் சேர்ந்து பார்த்ததுதான் அதிகம்.

கலியனுக்கு ஒரே ஒரு ஆசை. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் ஆக வேண்டும். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பையன்களை வெயிலில் ஓடவிட்டு, தானும் கூட ஓட வேண்டும். அதற்கான படிப்பில் சேர, பல்கலைக்கழக அணியில் ஆடிய சர்டிபிகேட் இருந்தால் இடம் நிச்சயம் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். அவன் அப்பாவுக்கோ வேறு கணக்கு. மானாவாரி நிலம், கலியனுக்குக் கீழே இரண்டு தங்கைகள். சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு ஏஜென்ட்டிடம் பேசி, பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்துவிட்டார். ஒருநாள் நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் பேச்சு முடிவானது.

"பந்து வெளயாடி வூடு நிமுரும்னு எனக்குத் தோணல தம்பி" என்றார் என்னைப் பார்த்து. பிறகு மகனைப் பார்த்தார். "ஆனா நீ கேட்டு நான் இல்லன்னு சொன்னதா இருக்கக் கூடாது. யூனிவர்சிட்டி டீம்ல பேரு வந்துச்சுன்னா ஒன் இஷ்டப்படி படி. வரலன்னா நான் சொல்ற எடத்துக்குப் போவணும்."

"சரிப்பா" என்றான் கலியன். அது அவனுக்குக் கடைசி வருஷம். ஒரே ஒரு வாய்ப்புதான்.

அந்த வருஷம் மண்டலப் போட்டி எங்கள் மண்ணிலேயே நடந்தது. குனிந்த ரிங்கின் புண்ணியத்தில் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். எதிரணி எது என்று நினைக்கிறீர்கள்? கும்பகோணத்துக் கல்லூரி ஒன்று. நான் வழக்கம்போல "கும்பகோணம்! கும்பகோணம்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். அவர்கள் பையன்கள் நான் யாருக்கு ஆடுகிறேன் என்று புரியாமல் திகைத்து நிற்க, கலியன் வலது பக்கமாகப் புகுந்து கூடை போடுகிறான். அது வரைக்கும் சரி. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யார் சொல்வது? கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருந்த அண்ணன் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்.

"ஏண்டா, எங்கடையில டீ குடிச்சிப்புட்டு கும்பகோணத்துக்கா கத்துற? வெக்கமா இல்ல?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் எதிரணி இரண்டு கூடை போட்டுவிட்டது. தோற்றோம், ஆனால் கௌரவமாகத் தோற்றோம். எனக்கு மட்டும் அந்தக் கடையில் ஒரு மாதம் டீ கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்காக ஆள் பார்க்க வந்திருந்த பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் நேராகக் கலியனிடம் வந்தார். பெரம்பலூரில் நடக்கும் கடைசித் தேர்வுக்கு வரச் சொன்னார். அன்றைக்குக் கலியனைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டைச் சுற்றி வந்தோம். அவன் கால் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

தேர்வு நாளன்று துணைக்கு நான் போனேன். பெரம்பலூர் பக்கம் புதிதாக எழும்பியிருந்த ஒரு தனியார் கல்லூரி. கோர்ட் சிமென்ட் தரை. ரிங் நிமிர்ந்து நின்றது, வலைகூட இருந்தது. கலியன் தரையைக் கையால் தடவிப் பார்த்தான். "வழவழன்னு இருக்குடா, எங்க வூட்டுக் களம்கூட இப்புடி இல்ல" என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தான்.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்து கலியன் கையில். பயிற்சியாளர் கோட்டுக்கு வெளியிலிருந்து, "ரைட்! ரைட்!" என்று கத்தினார். வலது பக்கம் ஆள் இல்லை, அங்கே போ என்பது அவர் சொன்னதன் பொருள். கலியன் நேராகப் பாய்ந்தான். நடுவில் நின்ற மூன்று பேரைப் பிளந்துகொண்டு போய்க் கூடை போட்டான். எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டினேன். மறுபடி பந்து வந்தது, மறுபடி "ரைட்! ரைட்!" என்றார். மறுபடி நேராகப் போய்க் கூடை போட்டான். மூன்றாவது தடவை எதிரில் நின்ற பையனை இடித்துத் தள்ளிவிட்டான். பயிற்சியாளர் விசிலை ஊதினார்.

"தம்பி, நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?"

"விழுதுங்க சார்."

"அப்புறம் ஏன் போகல?"

"போனேனே சார். ரைட்டுன்னீங்க, ஒடனே போயிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷமாக எங்கள் கோர்ட்டில் வலதுக்குக் கும்பகோணம் என்று பேர். ரைட் என்றால் கிளம்பு என்பதைத் தவிர வேறு அர்த்தமே எங்கள் காலுக்குத் தெரியாது. ஓடிப்போய்ப் பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப் பாவிகளா, டிக்கெட் மட்டுந்தான் கிழிக்கல போல" என்று கலியன் தோளில் தட்டினார். "இனிமே ரைட்டுன்னா வலது பக்கம். ஞாபகம் வெச்சுக்க. தைரியமா ஆடு" என்று மறுபடி இறக்கினார்.

பந்து வந்தது. "ரைட்!" என்றார். கலியன் நின்றான். கண் சிமிட்டுகிற நேரம்கூட இருக்காது. தன் வலது கையை ஒருமுறை குனிந்து பார்த்தான். சோற்றுக்கை எது என்று பார்க்கிற சின்னப் பிள்ளை மாதிரி பார்த்தான். அதற்குள் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அவன் கால் யோசிக்க ஆரம்பித்துவிட்டது. யோசிக்கிற காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தப்பாகப் புரிந்துகொண்டிருந்தவரை அவன்தான் அந்தக் கோர்ட்டிலேயே பெரிய ஆட்டக்காரன். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சாயங்காலம் பேர்களை வாசித்தார்கள். கலியபெருமாள் இல்லை. பயிற்சியாளர் தேடி வந்து, "நல்ல ஆட்டம் தம்பி ஒனக்கு. அடுத்த வருஷம் கண்டிப்பா வா" என்றார். இது கடைசி வருஷம் என்று கலியன் அவரிடம் சொல்லவில்லை. "வரேங்க சார்" என்று கும்பிட்டான்.

அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் விசிலடித்து "ரைட்ட்" என்றார். பஸ் நேராகக் கிளம்பியது. கலியன் என் தொடையைத் தட்டினான்.

"பாத்தியாடா, டிரைவருக்குக்கூடத் தெரியுது."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதை நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். அரியலூரில் பஸ் மாறி விக்கிரமங்கலத்தில் இறங்கியபோது அவன் அப்பா ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். மகன் முகத்தைப் பார்த்தார். "பையக் குடு" என்று வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பரீட்சை முடிந்த கையோடு கலியன் விமானம் ஏறினான்.

அணி அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தது. எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டமாக இருந்து, அரியலூர் மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூருக்கே திரும்பி, கடைசியில் மறுபடி அரியலூர் ஆனது. அந்தக் குழப்பத்திலும் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சொந்த வண்டியில் வருகிற பையன்கள் பெருகினார்கள். கும்பகோணம் என்றால் ஏன் வலது பக்கம் ஓட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். பிறகு கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கட்டடம் வேண்டியிருந்தது. செம்மண்ணில் அஸ்திவாரம் தோண்டினார்கள். ரிங் கம்பங்களை அடியோடு அறுத்து, பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றினார்கள். வேறு வேலையாக அன்று அந்தப் பக்கம் போன நான் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்கே கலியனுக்குப் போன் செய்தேன். இடையில் அவன் ஊருக்கு வந்து தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, மறுபடி சிங்கப்பூருக்கே போயிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"இங்க ஒவ்வொரு குடியிருப்புக்குப் பக்கத்துலயும் ஒரு கோர்ட் இருக்குடா" என்றான். "நம்ம தரை மாதிரி இல்ல, வழவழன்னு பச்சக் கலர்ல. ஞாயித்துக்கெழமையானா போயி ஓரமா ஒக்காந்துக்குவேன்."

"ஆடுறியா?"

"கூப்புட்டா ஆடலாம்னுதான் ஒக்காந்திருக்கறது."

"கூப்புடுவாங்களா?"

"இன்னும் இல்ல" என்றான். பிறகு அவனே, "நம்ம கோர்ட்டுல ஆள் கொறஞ்சா ரோட்டுல சைக்கிள்ல போறவனக்கூட வாடா எறங்குன்னு கூப்புடுவோமேடா" என்றான்.

ஆமாம் என்றேன். கூப்பிடுவோம். யார் எவர் என்றுகூடக் கேட்க மாட்டோம்.