கோடா, பெருக்கல் குறியா

அத்தா மவுத்தான அன்று உத்தமபாளையம் வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை கம்ப்யூட்டர். சவூதியிலிருந்த அண்ணனால் வந்து சேர முடியாது. மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார்கள். அதற்குள் அண்ணன் அத்தாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரை அண்ணன் போன விடுமுறையில் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். புழங்கியது அத்தாதான். ஓடைப்பட்டியில் திராட்சை லோடு ஏற்றி அனுப்பிவிட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அண்ணனைப் பார்த்துப் பேச அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் பின்னால் நின்று அண்ணனுக்கு சலாம் சொல்வதோடு சரி. ஆனால் கம்பத்தில் கோடைக்கால வகுப்புக்குப் போனவள் நான். அங்கே ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். மௌஸ் என் கைக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஐகான் என்றால் என்ன, விண்டோ என்றால் என்ன, டாஸ்க்பார் என்றால் என்ன என்று டீச்சர் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்ததுதான் மிச்சம். ஒப்பிப்பதில் நான் கெட்டி. சொந்தக்காரர்கள் அதை நம்பி என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

மேசையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தோம். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, அத்தாவின் முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். ஸ்பீக்கர் வேலை செய்யாததால் அண்ணனின் பேச்சு போனில், படம் திரையில். படம் வந்துவிட்டது. கலைந்த தலையோடு அண்ணன் தெரிந்தார். திரை மேல் செருகியிருந்த கேமராவை அத்தா பக்கம் திருப்ப ஒரு கையை நீட்டினேன். மௌஸ் மேலிருந்த இன்னொரு கை எதையோ அழுத்திவிட்டது. அண்ணனைக் காணவில்லை. வெறும் பச்சைப் புல்வெளிப் படமும் அதன் மேல் ஐகான்களும் மட்டும் இருந்தன.

"அண்ணே, படம் போச்சு."

"பதறாத பாப்பா. சன்னல் மாதிரி ஒரு கட்டம் இருந்துச்சுல்ல, அதோட மேல் ஓரத்துல மூணு குட்டிப் பொட்டி இருக்கும். எதைத் தொட்ட? கோடா, கட்டமா, பெருக்கல் குறியா?"

"தெரியலண்ணே."

"பெருக்கல்னா மூடிருச்சு. மறுபடி முதல்லருந்து வரணும். கோடுன்னா கீழ போயி ஒதுங்கியிருக்கும், அவ்வளவுதான். அடியில நீலப் பட்டை இருக்கும் பாரு."

திரையின் அடியில் பட்டையே இல்லை. டாஸ்க்பார் என்பது திரையின் கீழ்ப்பகுதியில் காணப்படும் நீண்ட பட்டை என்று மனசுக்குள் வரி வரியாக ஓடியது. கண்ணுக்கு எதிரே அப்படி ஒன்று இல்லை.

"இல்லண்ணே. பட்டையே இல்ல."

"இல்லாம எப்படி இருக்கும்?" என்று கேட்டார் அண்ணன்.

அத்தாவைத் தூக்கிப் போக வந்த சந்தூக்கை வாசலில் இறக்கும் சத்தம் கேட்டது. அத்தாவுக்கு மூத்தவரான பெரியத்தா உள்ளே வந்தார். "என்னத்தா, ஆச்சா? பள்ளிவாசல் அசரத்து வந்துட்டாக. தொழுகைக்கு நேரமாகுது. மய்யித்த ரொம்ப நேரம் வைக்கக் கூடாது."

"கொஞ்சம் பொறுங்க" என்றார் அம்மா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் காலையிலிருந்து அப்போதுதான் வாய் திறந்தார். என்னைப் பார்த்து, "அந்தப் பட்டையவா தேடுற? மகன் படம் இன்னும் கொஞ்சம் பெருசாத் தெரியட்டும்னு அத்தா அதை அடியில இழுத்து விட்டாக" என்றார்.

போனில் அண்ணன் அதைக் கேட்டிருக்க வேண்டும். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, அம்பைத் திரையோட கடைசி விளிம்புக்குக் கொண்டு போ. அங்கன அது ரெட்டை முனை அம்பா மாறும். மாறினதும் இடது பொத்தானை அழுத்திப் பிடிச்சு மேல இழு. விட்டுறாத."

அம்பு விளிம்பைத் தாண்டித் தாண்டி ஓடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினேன். ஒரு கணம் இரட்டை முனை தெரிந்தது. அழுத்தி இழுத்தேன். நீலப் பட்டை எழும்பி வந்தது. அதில் அண்ணனின் பெயர் எழுதிய சின்னக் கட்டம் இருந்தது. அதைத் தட்டியதும் ஜன்னல் திறந்தது. நான் தொட்டது கோடுதான்.

பெரியத்தாவே கேமராவைக் கையில் வாங்கி, ஒயர் எட்டும் மட்டும் குனிந்து, தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். திரையில் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டியாப்பா?" என்று பெரியத்தா திரையைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் முகத்தை மூடினார்கள்.

ஆண்கள் எல்லோரும் சந்தூக்கோடு போய்விட்டார்கள். கூடத்தில் பெண்கள் நாங்கள் மட்டும். அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னலை மூடவில்லை. எதையும் தொடவே பயமாக இருந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் ஏந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கையை ஏந்தினார். கையை இறக்கிய பிறகு, "அத்தா போற பாதையில வெயிலா?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்லண்ணே. மேகமலைப் பக்கம் கருத்துக் கெடக்கு" என்றேன்.