தேனீயின் முதுகில் உண்ணி

தாமல் ஏரிக்கரையை ஒட்டி என் தம்பிக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அங்கே மூன்று பெட்டிகளில் இத்தாலியத் தேனீ வளர்த்தான். நான் காஞ்சிபுரத்தில் பாவு பிணைப்பவள். தறியில் தீர்ந்துபோன பட்டுப் பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்புக்குப் போய்விடுவேன். பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த ரீங்காரத்தில் கண் தானாகச் சொருகும். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

போன தை மாதம் அப்படி அரைத்தூக்கத்தில் இருந்தபோது காலருகே ஒரு தேனீ ஊர்ந்தது. சிறகு கசங்கியிருந்தது. தள்ளி இன்னும் நாலைந்து, அதே மாதிரி.

"வயல்ல மருந்து அடிச்சுகினு இருக்காங்கக்கா. அதான் இப்படி விழுது," என்றான் தம்பி. ஒரு வாரமாகவே பார்க்கிறானாம்.

ஒன்றை மாவிலையில் ஏந்தினேன். முதுகில் செம்பழுப்பாக ஒரு பொட்டு, கேழ்வரகைவிடச் சின்னது. மகரந்தம் என்று நினைத்தேன். அது மெல்ல நகர்ந்து தேனீயின் வயிற்று மடிப்புக்குள் நுழைந்தது.

"மருந்து இல்லடா. மேல ஏதோ நடக்குது பாரு."

கண்ணாடி போட்டும் அவனுக்குத் தெரியவில்லை. செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கியதும் முகம் வாடிவிட்டது. பெட்டி விற்ற வாலாஜாபாத்காரருக்கு அனுப்பினான். உடனே அழைத்தார்.

"உண்ணிப்பா அது. தேனீக்குஞ்சுப் புழு இருக்குற அறைக்குள்ள பூந்து பெருகும். சிறகு கெடுறது அதனாலதான். ராணியை ஒரு சின்னக் கூண்டுல மூணு வாரம் அடைச்சு வை. அது முட்டை போடாம புதுப் புழு இல்லன்னா உண்ணியும் பெருகாது. நடுவுல சர்க்கரைப் பொடி தூவு."

சர்க்கரையை அரைத்து மெல்லிய துணியில் சலித்து எடுத்துப் போனேன். அவன் மூடியைத் திறப்பான், நான் தூவுவேன். தேனீக்கள் வெள்ளை வெளேரென்று எழுந்து ஒன்றையொன்று துடைத்துக்கொண்டு நடக்கும். பெட்டிக்குள் பனி இறங்கியதுபோல் இருக்கும். வெதுவெதுப்பாக மெழுகு வாசனை வரும். அடியில் எண்ணெய் தடவி வைத்த காகிதத்தில் உண்ணிகள் விழுந்து காலசைக்கும். எனக்கு அருவருப்பாக இல்லை. அவ்வளவு சின்ன உடம்பில் எத்தனை கால் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தம்பி காகிதத்தை வாங்கி மடித்துக் கொளுத்தினான்.

ஒரு பெட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. காலியான தேனடைகளைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"தெனம் பாக்குறேன், எனக்குத் தெரியலயேக்கா."

"எனக்கும் தற்செயலாதான்டா தெரிஞ்சுது."

மூன்று வாரம் கழிந்ததும் மற்ற இரண்டிலும் கூண்டில் அடைத்திருந்த ராணியைத் திறந்துவிட்டோம். அது அடைமேல் நிதானமாக நடந்தது. சுற்றியிருந்தவை அதன் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டன. பங்குனி போய்ச் சித்திரையில் ஒரு மத்தியானம், இளந்தேனீக்கள் முதன்முதலாக வெளியே வந்தன. வந்த இடம் மறக்காதிருக்கப் பெட்டியைப் பார்த்தபடியே வெயிலில் மேலும் கீழுமாக மிதந்தன. சிறகுகள் நேராக இருந்தன.

நான் கிளம்ப எழுந்தேன். தம்பி அவற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போக்கா," என்றான்.

உட்கார்ந்துகொண்டேன்.