கடைசி வீட்டு லட்சுமி

காலை 7.20. ஈரோட்டில் வண்டி மாறித் திருப்பூரில் இறங்கினேன். கும்பகோணத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தது ஒரு வீட்டைப் பார்க்க. கல்லூரித் தோழர் பழனிச்சாமி, "எங்க ஊட்டப் பிரிக்கறதுக்குள்ள வந்து பாருங்க" என்று எழுதியிருந்தார். ஸ்டேஷனிலிருந்து முக்கால் மைல். குதிரை வண்டிக்கு எட்டணா.

"கடைசி ஊட்டுக்குங்களா? இன்னைக்கு அங்க பாகம் பிரிக்கறாங்களே!" என்றார் வண்டிக்காரர். அவர் குரலிலேயே துக்கம் இருந்தது.

8 மணி. முதல் உலக யுத்தத்துக்கு முன் பஞ்சு வியாபாரிகள் கட்டிய தெரு. அடேயப்பா, என்ன வீடுகள்! பர்மா தேக்குத் தூண்கள், வண்ணக் கண்ணாடி பதித்த அரைவட்ட ஜன்னல்கள், மாடி விளிம்பு முழுக்கச் சுண்ணாம்புப் பூவேலை. பாதி வீடுகளுக்குள் பனியன் மிஷின் ஓடுகிறது. கடைசி வீட்டு வாசல் நிலைக்கு மேலே இரண்டு யானைகளோடு சுதையில் ஒரு லட்சுமி. மூக்கு நுனிகூட உடையவில்லை.

9 மணி. பழனிச்சாமிக்கும் தம்பி வேலுச்சாமிக்கும் சரிபாதி. மேஸ்திரி நூல் பிடித்தார். நூல் நேராக லட்சுமியின் நெற்றியில் விழுந்தது.

"இதும்மேல நான் உளி வெக்க மாட்டனுங்க. யாராச்சும் ரெண்டு முழம் ஒதுங்கிக்குங்க" என்றார் மேஸ்திரி.

ஒதுங்குகிறவருக்கு வாசலும் போய்விடும், லட்சுமியும் போய்விடுவாள். லட்சுமியை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்? அண்ணனும் தம்பியும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பழனிச்சாமியின் மனைவி சரஸ்வதி உள்ளேயிருந்து வந்தார். "எங்க பக்கமே தள்ளிப் புடிங்க மேஸ்திரி. அவ முழுசா இருந்தாப் போதுமுங்க. யாரு பக்கம் இருந்தா என்ன?"

பழனிச்சாமி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். மறுக்கவில்லை.

வேலுச்சாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "நங்கையா," என்றார். அண்ணியை இந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "பொழுது சாய இந்த நெலைக்கு நீங்கதான் வந்து வெளக்கு வெக்கோணும். எந்நாளும்."

மேஸ்திரி நூலை நகர்த்தினார்.

பகல் 1 மணி. சாப்பிட்டுக் கிளம்பினேன். வண்டியில் ஏறியும் மனம் ஆறவில்லை. எங்கள் வீட்டு நிலைக்கு மேலும் ஒரு லட்சுமி இருந்தாள், இதைவிடப் பெரியவள். பாகம் பிரித்தபோது நானும் விடவில்லை, அண்ணனும் விடவில்லை. வீட்டையே இடித்து விற்றோம். அன்று என் மனைவியும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள். அத்தனை பேர் முன்னால், "நீ உள்ளே போ" என்றேன்.