ஒன்பது–ஏழில் நின்ற ஆட்டம்

என் மகன் ஆண்கள் இரட்டையர் பிரிவில் அரையிறுதி ஆடிய அன்று நான் குற்றாலம் ஐந்தருவியில் இருந்தேன். தொழில்முறை டென்னிஸில் ஆகக் கீழ்ப்படியில் உள்ள போட்டி அது, வெளிமாநிலத்தில் நடந்தது. எந்த டிவியும் காட்டாது. போனில் எண்கள் மட்டும் மாறும். அந்த எண்களைப் பார்த்து நான் போடுகிற கூச்சல் தாங்காமல், "எங்கனயாவது போயி இருந்து பாருங்க" என்று என் மனைவி விரட்டிவிட்டாள்.

கூட வந்தவர், மகனோடு ஜோடி சேர்ந்து ஆடும் பையனின் அப்பா. கீழப்பாவூரில் வயல் வைத்திருக்கிறார். பையன்கள் இருவரும் தென்காசியில் ஒரே கோர்ட்டில் பழகியவர்கள், பத்து வருஷ ஜோடி. என் மகன் வலது பக்கம், அவர் மகன் இடது பக்கம். மாறி நின்று நான் பார்த்ததே இல்லை. பையன்களால் எங்களுக்கும் பத்து வருஷப் பழக்கம். நான் ரிட்டயர்டு சப் இன்ஸ்பெக்டர், பேசிக்கொண்டே இருப்பேன். அவர் தலையாட்டுவார்.

சீசன் கூட்டம். ரம்புட்டான் கடைகளுக்கு எதிரே காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துவிட்டோம். ஆளுக்கொரு செட் ஆகி, ஆட்டம் டைபிரேக்குக்கு வந்துவிட்டது. பத்துப் புள்ளி எடுத்தால் இறுதிப் போட்டி. இருவரும் அதுவரை ஒரு இறுதிப் போட்டியில்கூடக் கால் வைத்ததில்லை. ஒன்பது–ஏழு. இன்னும் ஒரே ஒரு புள்ளிதான், சர்வீஸும் என் மகனுடையது.

எண் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, சாரலில் இறங்கி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஓடினேன். குளிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. திரையில் எதிரணி வெற்றி என்று வந்தது. எங்கள் பையன்கள் ஆட்டத்தை விட்டு விலகிவிட்டார்களாம்.

நம்ப முடியவில்லை. ஜெயிக்க ஒரு புள்ளி இருக்கும்போது எவனாவது விலகுவானா? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ஆத்திரத்தில், காருக்குள் வந்து அவரிடம் கத்தினேன்.

"உங்க மகன்தான் அண்ணாச்சி! அவனுக்குத்தான் எப்பவும் காலு பிடிச்சுக்கிடும். ஒரு பாயிண்டுக்குச் சும்மா நின்னிருக்கக் கூடாதா?"

அவர் முன்கண்ணாடியில் மழை வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் என் மகன் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டேன். "ஏன்லே விட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். அவன் அழுதான்.

"என் சர்வீஸ்தாம்ப்பா. நெட்டுக்கிட்ட எனக்கு முன்னால நின்னுட்டிருந்தவன் பின்மண்டையில நேரா அடிச்சிருச்சு. விழுந்துட்டான். எந்திரிச்சு, ஒண்ணுமில்லலே, ரெண்டாவது சர்வீஸ் போடுன்னான். அப்புறம் என்னைப் பாத்து, நான் எந்தப் பக்கம்லே நிக்கணும்னு கேட்டாம்ப்பா."

பத்து வருஷமாக இடது பக்கமே நின்றவன் அவன்.

"நான்தான் அம்பயர்கிட்ட போயி, போதும்னுட்டேன். ஆஸ்பத்திரில இருக்கோம், ஸ்கேன் எடுக்குதாங்க. அவங்கப்பாட்ட எப்படிப்பா சொல்ல?"

அந்த அப்பா என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரே என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அழாதலே. அவன் பக்கத்துலயே இரு. நாங்க பொறப்பட்டு வாரோம்."

வீட்டில் துணியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புவதென்று காரை எடுத்தேன். வழியெல்லாம் அந்தப் பையன் பிழைக்க வேண்டும், எங்களைப் பழையபடி அடையாளம் தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. தென்காசிக்குள் நுழையும் முன் மகன் கூப்பிட்டான். மண்டைக்குள் ரத்தக்கசிவு இல்லை, நினைவு தெளிந்துவிட்டது, பசிக்கிறது என்கிறான், ஒரு நாள் வைத்திருந்து பார்ப்பார்களாம்.

ஓரமாக நிறுத்தினேன். அவர் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

"அண்ணாச்சி, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆத்திரத்துல வாய் நீண்டுருச்சு. மன்னிச்சுக்கிடுங்க" என்றேன்.

"விடுங்க அண்ணாச்சி" என்று முகத்தைத் துடைத்தார். "போன்ல அப்படி வந்ததும், உங்க மகன்தான் ஏதோ கெடுத்துட்டான்னு நானுந்தான் நெனச்சேன். உங்களுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லல."

அவர் எனக்குப் பயப்படுகிறார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.