பல் போவதற்குள் பதினெட்டுத் தட்டு

என் அக்கா புருஷனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. மனிதர்கள் ஏறும் லிஃப்ட் இல்லை, சாப்பாடு ஏறும் லிஃப்ட். பெரிய உணவகங்களில் சமையலறை கீழே இருக்கும், சாப்பிடுகிறவர்கள் மாடியில் இருப்பார்கள். நடுவில் சுவருக்குள் ஒரு சின்னப் பெட்டி கயிற்றில் தொங்கிக்கொண்டு தட்டுகளை ஏற்றி இறக்கும். அது மக்கர் பண்ணினால் மாமாவுக்குப் போன் வரும். முப்பத்தோரு வருடமாக இந்த ஊரின் அத்தனை நல்ல சாப்பாடும் அவர் மூக்குக்கு அரை அடி தள்ளித்தான் மேலே போயிருக்கிறது.

வாய்க்கு ஒன்றும் வந்ததில்லை. சமையலறையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவர் கம்பெனி சட்டம். பின்வாசல் படியில் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வருவார். ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. எந்தக் கடையில் எது நன்றாக மணத்ததோ அதைக் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதிவைத்திருந்தார். மொத்தம் பதினெட்டு. லேசில் எதையும் நல்லது என்று சொல்லிவிட மாட்டார். எனக்கு வந்த வரன்களையும் இப்படித்தான் கழித்துக்கட்டினார், அது தனிக் கதை.

போன வருடம் பல் டாக்டர் அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மேல்வரிசை முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றார். இரண்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார். கட்டுப்பல் பழக நாளாகும், கடித்துச் சாப்பிடுவதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். மாமாவுக்குச் சொல் போனால் பெரிய நஷ்டமில்லை, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவருக்குக் கவலை வேறு. வீட்டுக்கு வந்ததும் கருவிப் பெட்டியைத் திறந்து மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பல்லு போறதுக்குள்ள இந்தப் பதினெட்டையும் சாப்பிட்டுடப் போறேன். மேஜையில உக்காந்து."

நான் கை தட்டினேன். அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"அப்ப இத்தன வருஷமா நான் கட்டிக்குடுத்ததெல்லாம் என்ன, மண்ணா?"

அவர் பதில் சொல்லவில்லை. அங்கேதான் தவறு செய்தார். அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான், அதைச் சொல்லாமல் கடைப் பட்டியலைத் தூசு தட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? மறுநாளிலிருந்து டப்பா நின்றது. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கூடியது.

அக்கா வரமாட்டேன் என்றுவிட்டதால் துணைக்கு நான் போனேன். முதல் கடை, மீன் சூப். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை என்று வந்தவர், நான் பையில் கண்ணாடியைத் தேடுவதற்குள் காணாமல் போய்விட்டார். பழக்க தோஷம், கால் நேராகப் பின்வாசலுக்குக் கூட்டிப்போயிருக்கிறது. "நாங்க இன்னும் போனே பண்ணலையே, எப்படிண்ணே தெரிஞ்சுது?" என்று சமையல்காரர் ஆச்சரியப்பட்டு லிஃப்ட் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறார். இவரும் வாங்கிக்கொண்டு, கப்பிக்கு எண்ணெய் விட்டு, கை கழுவி, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். நான் மாடியில் ஒரு மணி நேரம் மெனு கார்டைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சூப்பை நானே இன்னொரு தரம் கொதிக்கவைத்திருக்கலாம்.

அன்றைக்கே சட்டம் போட்டேன். முன்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். சாப்பிடப் போன இடத்தில் லிஃப்டைத் தொடக் கூடாது, தொட்டால் அந்தத் தட்டு கணக்கில் சேராது. மாமா தலையாட்டினார்.

மீன் சூப்பிலிருந்தே மறுபடி ஆரம்பித்தோம், அதற்குப் பிறகு வண்டி ஓடியது. வாரத்துக்கு இரண்டு மூன்று கடை. சுவரோரம், லிஃப்ட் சத்தம் கேட்கிற மேஜையாகப் பார்த்துத்தான் உட்காருவார். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் வேலைச் சீட்டில் எழுதுகிற மாதிரியே எழுதுவார். "ஆட்டுக்கால்: சீராக இறங்கியது, அதிர்வு இல்லை." "கோழி வறுவல்: ஆரம்ப வேகம் அதிகம், நடுவில் நின்றது, தண்ணீர் குடித்தபின் சரி." முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இரண்டு கிலோ ஏறியதைத் தவிர. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயில் பூட்டு விழுந்துவிடும். அக்கா எதுவும் கேட்க மாட்டாள், அவரும் எதுவும் சொல்ல மாட்டார்.

பதினெட்டாவது, முழுதாகச் சுட்ட வாத்து. தோல் கண்ணாடி மாதிரி உடையும் என்று பெயர். மறுநாள் காலை பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவை நான் விடவில்லை.

"கடைசிச் சாப்பாடுக்கா, அதையுமா தனியா சாப்பிடணும்?"

"கடைசிச் சாப்பாடுன்னு சொல்லாதடி, உன் வாயில மண்ணப் போட!" என்று திட்டிக்கொண்டேதான் புடவை மாற்றினாள்.

மாடிக் கூடம் நிரம்பி வழிந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா யாரோ வீட்டு விசேஷத்துக்கு வந்தவள் போல மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்குள் பெட்டி கிளம்பும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. மாமாவின் காது நிமிர்ந்தது. பரிமாறுகிறவர் லிஃப்ட் பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார், அசையவில்லை. வாத்து நடுவழியில் மாட்டிக்கொண்டது.

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், கூடாது. அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

"கீழ்க்கதவு சரியா மூடல. ஆட்டத்துல சுவிட்ச் விட்டுடுச்சு, அதான் பெட்டி நிக்குது. ரெண்டு நிமிஷ வேல."

"அப்ப போய்ப் பாருங்க. இத்தன பேரு பசியோட உக்காந்திருக்காங்க."

அக்கா சொன்னால் என் சட்டம் எம்மாத்திரம்? மாமா எழுந்துபோய் ஒரு திருப்புளி வாங்கிக்கொண்டார். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுவர்ப் பலகையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டு, கயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார். கீழே இருப்பவர்களிடம் "கதவிடுக்குல கரண்டி இருக்கு பாருங்க" என்று அங்கிருந்தே சொன்னார். இருந்தது. அக்கா கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அவர் வேலை செய்து பார்த்தது அன்றைக்குத்தான்.

வாத்து சூடு குறையாமல் வந்து சேர்ந்தது. அக்கா அதைத் தொடாமல் அவரையே பார்த்தாள்.

"இந்த வாசனை இப்படி முகத்துல அடிக்கும்போதா என் டப்பாவத் திறந்து சாப்பிட்டீங்க?"

"ஆமா."

"எப்படி இறங்குச்சு?"

மாமா வாத்துத் தட்டைக் காட்டினார். "இதெல்லாம் யாருக்கோ போயிட்டிருந்துச்சு. டப்பா எனக்குன்னு வந்துச்சு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். தோல் உடையும் சத்தம் எனக்கே கேட்டது. இன்னொரு துண்டு எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. மாமா தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

"மத்த பதினேழும் எங்கெங்க இருக்கு?" என்றாள் வாய் நிறைய.

"எதுக்கு? நாளைக்குத்தான் பல்லு போயிடுதே."

"உங்களுக்குத்தான போகுது? எனக்கு முப்பத்திரண்டும் இருக்கு."