சரியில்லை அக்காவின் இடக்கைக் கிடார்

என் அத்தைக்குக் கடைவீதியில் வேறு பெயர்: "சரியில்லை அக்கா." எதை எடுத்து நீட்டினாலும் வாங்கி, உருட்டிப் பார்த்து, "சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவள் அப்பாவின் தங்கை. எலெக்ட்ரிக் கிடார் செய்வதுதான் பிழைப்பு. கேட்பவரின் கைக்கும் விருப்பத்துக்கும் தகுந்தபடி, வீட்டின் பின்னறையில் ஒவ்வொன்றாகச் செய்கிறாள். செய்வது பாதி வேலைதான், மீதிப் பாதி அலைச்சல் என்பாள்.

அது உண்மை. கிடாருக்கு வேண்டிய சாமான்கள் ஒரே கடையில் கிடைக்காது. மரத்துக்கு, இடித்த கட்டடங்களின் பலகைகளை விற்கும் கிடங்குக்குப் போவாள். அங்கே ஒவ்வொரு பலகையாக நிறுத்தி, விரல் கணுவால் தட்டிக் காது கொடுப்பாள். கிடங்குக்காரர் தூரத்திலிருந்தே, "கதவு திறந்துதான்க்கா இருக்கு, உள்ள வாங்க" என்பார். ஒலியை வாங்கும் காந்தத்தின் மேல் சுற்ற, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி வேண்டும். அது மோட்டார் காயில் கட்டும் கடையில். கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்க ஓர் எலும்புத் துண்டு வேண்டும். அதற்குக் கறிக்கடை.

"சூப்புக்கா அக்கா?"

"இல்ல, கிடாருக்கு."

"அதுக்கும் பசிக்க ஆரம்பிச்சிடுச்சா?"

இந்தப் பேச்செல்லாம் அத்தைக்குப் பிடிக்கும். ஆனால் சிரிக்க மாட்டாள், எலும்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் அப்பா மேடைக் கச்சேரிகளில் கிடார் வாசித்தவர். அத்தை செய்த முதல் கிடாரை அவர்தான் வாசித்துப் பார்த்தாராம். "ஒரு பாட்டு வாசிச்சுட்டு மூஞ்சியச் சுளிச்சாரு. அன்னைக்குப் புடிச்ச வியாதிதான் இந்தச் சரியில்லை" என்று அத்தை சொல்வாள். அதற்கப்புறம் அவள் செய்த எந்தக் கிடாரும் அப்பா தலையாட்டாமல் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை.

போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பித்தது. இடது கை போய்விட்டது; தோளிலிருந்து கொஞ்சம் அசையும், விரல்கள் மடங்காது. கழுத்தில் கம்பிகளை அழுத்திச் சுரம் பிடிப்பது இடது கைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அங்கேயே இருந்தார். டிவியில் பாட்டு வந்தால் எழுந்து போகமுடியாமல் கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் டிவியை நிறுத்திவிட்டோம்.

அத்தை ஒருநாள் வந்து அவருடைய வலது கையைப் பிடித்து, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தாள். மரம் பார்ப்பதைப் போலவே இருந்தது. வெளியே வந்து அம்மாவிடம், "வலது கை அழுத்தட்டும் அண்ணி. இடது கை சும்மா கம்பி மேல ஏறி இறங்கினாப் போதும். இடது கைக்காரங்க வாசிக்கிற மாதிரி மாத்திச் செஞ்சுடறேன்" என்றாள்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"செஞ்சு கையில குடுத்துட்டுக் கேட்டுக்கலாம்."

இடக்கைக் கிடார் என்றால் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்க வேண்டும். கம்பிகள் உட்காரும் பாலம்கூட எதிர்ப்பக்கம் சாய வேண்டும். அத்தை கடைகடையாக ஏறி இறங்கினாள். இசைக்கருவிப் பாகங்கள் விற்கும் கடைக்காரர், "வலது கைக்கே இங்க வியாபாரத்தக் காணோம், நீங்க இடது கைக்கு வந்துட்டீங்க" என்றார். கடைசியில் பாலத்தை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினாள். கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகுகளைக் கீ என்பார்கள். அவற்றை மட்டும் அந்தக் கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். அத்தை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாள். இம்மியும் நழுவவில்லை. ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டாள். கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். "ஏம்பா, இங்க வா! அக்கா ஒண்ணும் சொல்லாம வாங்கிட்டாங்க!"

கிடார் வந்தது. மடியில் கனக்காமலிருக்க உள்ளே குடைந்திருந்தாள். அப்பாவின் இடது கட்டைவிரலில் மீட்டும் வில்லையைப் பட்டையால் கட்டிவிட்டாள். அந்தக் கை அசைந்தது, ஒரு கம்பியில் மாட்டி நின்றது. வலது கை கழுத்தைப் பிடித்தது. முப்பது வருடம் மீட்டிய கை அது. எங்கே அழுத்துவதென்று அப்பாவுக்குத் தெரிந்தது, விரல்களுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றார். தகரத்தைச் சுரண்டுவதுபோல் சத்தம் வந்தது. பிறகு அத்தையைக் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க, குட்டி. தேடித்தேடிப் போட்டிருக்க, தெரியுது. யாராவது சின்னப் பசங்களுக்குக் குடுத்துடு."

"கொஞ்சநாள் இங்க இருக்கட்டும்ணா."

கிடார் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றது. புதுக் கம்பி கொஞ்சநாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி இறங்கும். அப்பாவால் அதைச் சும்மா விடமுடியவில்லை. காலையில் மடியில் கிடத்தி, வலது விரலால் கம்பியைச் சுண்டி, ஒலி அடங்குவதற்குள் அதே கையால் கீயைத் திருப்புவார். மறுபடி சுண்டுவார். தலை சாய்ந்திருக்கும், உதடு குவிந்திருக்கும். மேடையில் அவரைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். ஆறு கம்பியும் சேர்ந்ததும் அம்மாவிடம் காபி கேட்பார். அதுவரை நாங்களாகக் கொடுத்தால்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கம்பிகள் அடங்கின. கீக்கள் பிடித்தால் பிடித்தபடி நின்றன. அப்பா சுண்டிப் பார்ப்பார், சரியாக இருக்கும், சுவரில் சாய்த்துவிடுவார். சில நாளில் சுண்டுவதும் நின்றது. அம்மா அத்தையிடம், "நீ போட்ட சாமான் அவ்வளவு நல்லா நிக்குது. அவருக்கு ஒரு வேலையும் வைக்கல" என்றாள்.

அத்தை கடைக்குப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"கீ வேணும். நழுவுறதா."

"நழுவாததா?"

"நழுவுறதா."

கடைக்காரர் சிரித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். உள்ளேபோய், அவள் எப்போதோ திருப்பிக் கொடுத்த மட்டமான கீக்களைப் பெட்டிபெட்டியாக அள்ளி வந்தார். அத்தை ஒவ்வொன்றையும் திருகிப் பார்த்தாள். ரொம்பத் தளர்ந்ததும் ஆகாது, அப்பா ஒரே நாளில் வெறுத்துவிடுவார். ராத்திரிக்குள் கொஞ்சமாக, கம்பிக்குக் கம்பி வேறு அளவில் இறங்க வேண்டும். ஆறு கிடைத்தன. "சின்ன வேலை ஒண்ணு பாக்கி இருக்குண்ணா" என்று கிடாரை வாங்கிப்போய் மாற்றினாள். கழற்றிய நல்ல கீக்களைத் துணியில் சுற்றி மேசை டிராயரில் போட்டாள். பலர் கேட்டும் வேறு எந்தக் கிடாரிலும் அவற்றை மாட்டவில்லை.

இப்போது தினமும் காலையில் எங்கள் வீட்டில் கம்பி சுண்டும் சத்தம் கேட்கிறது. அப்பா வாசிப்பதில்லை. இனி வாசிக்கவும் மாட்டார். சுருதி சேர்த்துச் சாய்த்துவைப்பார், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தாள். அப்பா கிடாரை மடியில் வைத்துக்கொண்டே கத்தினார்.

"இத்தனை வருஷம் தொழில் பண்ற, ஒரு நல்ல கீ பார்த்து வாங்கத் தெரியல உனக்கு! இது சரியில்லை குட்டி!"

தன் சாமானை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போகிறவள் அத்தை. வாசலில் செருப்பைக் கழற்றியபடி, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"எங்க தேடியும் கிடைக்கலண்ணா."