பன்னிரண்டு விநாடி செல்லையா

போன வாரம் ஒரு மெயில் வந்தது. படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

கொடைக்கானலைத் தாண்டி, பூண்டி கிராமத்து வெள்ளைப்பூண்டு விவசாயிகளைப் பற்றி நண்பர்களாகச் சேர்ந்து ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்கிறோம். பனிமூட்டத்தில் ஒருவர் மூட்டை சுமந்து வரும் ஷாட் வேண்டும். நாலு நாள் காத்திருந்தோம். பனியா அது? பக்கத்தில் நின்ற கேமராமேனே தெரியவில்லை. சரி, நெட்டில் விலைக்கு வாங்கிவிடலாம் என்று தேடினால்... கிடைத்தது. அதே பூண்டிச் சரிவு, முதுகில் மூட்டை, திரும்பி ஒரு சிரிப்பு. பன்னிரண்டு விநாடி. லைசென்ஸ் எடுத்தோம்.

எடுத்த பிறகுதான் கிளிப்பை விற்ற கம்பெனி சொல்கிறது — முகம் தெரிகிறது, படத்தில் சேர்க்க அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும், அவர் இல்லையென்றால் வாரிசு கையெழுத்து, அது உங்கள் பொறுப்பு. படம் பிடித்தவன் வாங்கவில்லை, விற்றவன் வாங்கவில்லை, நான் வாங்க வேண்டுமாம். என்ன நியாயம் இது?

பூண்டி டீக்கடையில் காட்டினோம். பார்த்ததுமே செல்லையா என்றார்கள். அவர் இறந்து இரண்டு வருஷமாகிறதாம்.

அவர் மனைவி ராசாத்தியக்கா கேரட் கழுவிக்கொண்டிருந்தார். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன்.

“அவுகதான்... இன்னொருக்கா போடுங்க தம்பி.”

ஆறு தடவை போட்டேன். அந்த வீட்டில் செல்லையாவுக்கு இருப்பது ஒரே படம், வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

“இத என் போன்ல ஏத்திவிட்டுப் போங்க. மக திருப்பூர்ல இருக்கா, அவளுக்கும் அனுப்பணும்.”

நானோ சட்டத்தை மதிக்கும் அசடு. “கேட்டுட்டுத் தர்றேங்க்கா” என்றேன்.

“யார்ட்ட கேக்கணும்?”

அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினேன். அதற்கு வந்த மெயில்தான் அது: கிளிப்பை மூன்றாம் நபருக்குத் தரக் கூடாது.

கையெழுத்துக்கு மட்டும் அவர் மனைவி, வாரிசு. புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்றாம் நபரா? எவனோ கேட்காமல் எடுத்து உலகத்துக்கே விற்கலாம் — வீட்டுக்காரி வைத்துக்கொள்ளக் கூடாது. உட்கார்ந்து யோசித்து இப்படி ஒரு ஷரத்தை எழுதிய மகராசன் யார்?

நேற்று மறுபடி பூண்டிக்குப் போனேன். ஒரு நிமிஷ வேலை. இப்போது ராசாத்தியக்கா போனில் செல்லையா நடந்துகொண்டிருக்கிறார்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் வரட்டும்... இதில் மூன்றாம் நபர் யார் என்று நீதிபதியிடமே கேட்டுக்கொள்கிறேன்.